கடை வாசலில் ஒரு சாக்கு: லாங் பஜார் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வேலூர் லாங் பஜார் வியாபாரிகளுக்கு,

உங்களில் பலருடைய கடையில், கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்கோ மக்கா படத்துக்கோ பக்கத்தில், ஒரு வாசகம் மாட்டியிருக்கிறது. ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது.’ சிலர் அதை பில்லின் அடியிலும் அச்சடித்து வைத்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும் என்று இந்த மடலை எழுதுகிறேன். செருப்பு, ஷூ, பை, பெல்ட் விற்கும் கடைக்காரர்களுக்கு முதலில் எழுதுகிறேன். ஆனால் பாத்திரக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் இதைப் படிக்காமல் விட வேண்டாம். நான் கேட்கப்போகிற காரியத்தில் உங்களுக்குத்தான் பழக்கம் அதிகம்.

போன வருடம் ஒரு ஜோடி தோல் ஷூ வாங்கினேன். நான்காம் மாதம் வலது கால் அடி வாய் பிளந்தது. கடைக்கு எடுத்துப் போனேன். ‘கம்பெனிக்காரன் எடுத்துக்க மாட்டான் சார், நாங்க என்ன பண்றது?’ என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையைச் சொன்னார்கள். தெருமுனையில் செருப்பு தைக்கிற பெரியவரிடம் போனேன். அவர் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ‘இது ஒட்டுப் போட்ட அடி, உள்ளே வெறும் நுரை. ஆணி நிக்காது, நூலும் நிக்காது’ என்று திருப்பிக் கொடுத்தார். மேல் தோல் புதுசு மாதிரியே இருந்தது. எட்டு மாதம் வீட்டிலேயே கிடந்தது. கடைசியில் குப்பை வண்டியில் போடப் போனபோது, அந்த வண்டியோடு வந்த அம்மா கேட்டார்: ‘இது மக்குற குப்பையா, மக்காத குப்பையா? எதுல போடறது சார்?’

எனக்குப் பதில் தெரியவில்லை. தோல் என்றால் மாட்டுத் தோல், மக்கத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் மக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தானே தோலைப் பதனிடுகிறோம்! அதற்குள் குரோமியம் இருக்கிறது. அடியில் பாலியூரித்தேன். நடுவில் பசை. அந்த அம்மாவின் கேள்விக்கு உங்களிடமும் பதில் இருக்காது, ஆம்பூரில் அதைத் தைத்தவரிடமும் இருக்காது. நம் ஊர்ப் பக்கத்திலேயே பதனிட்டு, நம் ஊர்ப் பக்கத்திலேயே தைத்து, நம் தெருவிலேயே விற்ற ஒரு பொருள், அதன் ஆயுள் முடிந்த அன்று எங்கே போக வேண்டும் என்று நம்மில் யாருக்கும் தெரியாது. இதை ஒரு அவமானமாகவே நான் நினைக்கிறேன்.

இந்தத் தெருவில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. என் அம்மா பாத்திரக்கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போனதே கிடையாது. ஓட்டை விழுந்த அண்டா, கைப்பிடி போன சொம்பு எல்லாம் ஒரு துணியில் மூட்டையாக வரும். கடைக்காரர் தராசில் வைப்பார், பழைய பித்தளைக்கு இவ்வளவு என்று கழிப்பார், மிச்சத்துக்குப் புதுப் பாத்திரம். மளிகை மண்டியில் காலிச் சாக்குக்கு விலை உண்டு. எண்ணெய் டின் காலியானால் டின்காரர் வருவார். சோடா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் கொடுத்து வைத்த காசு கிடைக்கும். தெருவில் ‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிக்கொண்டு போனவர், ஒரு ஊரின் வீடுகளில் கிடந்த உலோகத்தையெல்லாம் தலைச்சுமையாகவே உருக்கு உலைப் பக்கம் திருப்பி அனுப்பியவர். இன்றும் நகைக்கடையில் பழைய தங்கத்தை யாராவது வேண்டாம் என்கிறார்களா? வண்டி பேட்டரி வாங்கப் போனால் பழைய பேட்டரிக்குக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்கிறார்கள். அதற்கு 2001லேயே சட்டம் வந்தது. விற்கிற டீலரே பழையதைத் திரும்ப வாங்க வேண்டும் என்றது. சமையல் கேஸ் சிலிண்டர் காலியாகத் திரும்பாமல் நிறைந்தது வருகிறதா?

இதற்கு இன்று மேலாண்மைக் கல்லூரிகளில் பெரிய பெயர் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். சரக்கு தொழிற்சாலையிலிருந்து வாங்குபவரிடம் போகும் பாதையைப் போலவே, பயன்படுத்தி முடித்தது வாங்கியவரிடமிருந்து தொழிற்சாலைக்குத் திரும்பும் பாதையையும் திட்டமிட வேண்டும் என்பதுதான் அந்தப் பாடம். உங்கள் பாட்டனாருக்கு அது பாடமில்லை, அன்றாட வேலை. நம் கண்ணெதிரில் அந்தப் பாதை ஒவ்வொரு சரக்காக அடைபட்டது. பிளாஸ்டிக் குடம் வந்தது, பித்தளையின் திரும்பு பாதை போயிற்று. ஒட்டுப் போட்ட ஷூ வந்தது, செருப்பு தைக்கிறவரின் வேலை போயிற்று. ‘வாபஸ் பெறப்பட மாட்டாது’ என்ற போர்டு மட்டும் மிஞ்சியது.

திரும்பு பாதை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தியாவிலேயே நம்மைவிட அதிகம் அனுபவித்த ஊர்கள் குறைவு. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பாலாற்றில் தோல் கழிவு கலந்த கதையை ‘அது தோல் ஷாப்காரர்கள் (தோல் பதனிடுகிறவர்கள்) விவகாரம்’ என்று பஜாரில் ஒதுக்கிப் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஒரு டன் பச்சைத் தோல் உள்ளே போனால் பதனிட்ட தோலாக வெளியே வருவது ஏறக்குறைய 200 முதல் 250 கிலோதான். மீதி? தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு, சுண்ணாம்பு, மயிர், சவ்வு, சீவல், வெட்டுத் துண்டு. முன்பு ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட காலத்தில் நாற்றம் இருந்தது, அழுக்கு இருந்தது. ஆனால் பட்டைச் சக்கை மண்ணோடு மண்ணாகும். 1970களில் அரைப் பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டு, முழுதாகப் பதனிட்ட தோலாகவே அனுப்பச் சொன்ன பிறகு, இந்தப் பகுதி வேகமாக குரோமியத்துக்கு மாறியது. டிரம்மில் போடுகிற குரோமியத்தில் தோல் குடிப்பது மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். மிச்சம் தண்ணீரோடு வெளியேறியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்த மிச்ச குரோமியத்தைத் திருப்பி எடுக்க வழி இல்லாமலில்லை. கழிவுத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் கீழே படியும். படிந்ததை கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் பதனிடும் சரக்கு. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதைச் சொல்லிக்கொடுத்து எத்தனையோ வருடங்களாகின்றன. சவ்விலிருந்து வஜ்ஜிரமும் ஜெலட்டினும் எடுக்கலாம். சீவலை அரைத்து அட்டை செய்யலாம். அது ஷூவின் உள்ளடியாகத் திரும்பவும் ஷூவுக்குள்ளேயே போகும். அறிவு இருந்தது. எல்லாரும் சேர்ந்து, எல்லா நாளும், கடைசிக் கிலோ வரை திருப்பி எடுக்கிற ஏற்பாடு மட்டும் இல்லை. சரக்கு போக லாரி இருந்தது. மிச்சம் போக பாலாறுதான் இருந்தது.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டமாக உறுதிப்பட்டதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் ‘வேலூர் வழக்கு’ என்று படிக்கிறார்கள். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், இந்தத் தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழ்பட்டது என்றும் அதில் எழுதியிருக்கிறது. நம் ஊரின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது இப்படித்தான்.

பொது சுத்திகரிப்பு நிலையங்களும் வந்தன. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எங்கும் கோடிக்கணக்கில் செலவு செய்தார்கள். தண்ணீரை வடிகட்டித் திருப்பி எடுத்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீருக்கு ஒரு திரும்பு பாதை கிடைத்தது. ஆனால் தண்ணீரைப் பிழிந்தபின் மிஞ்சும் உப்புக்கும் சேற்றுக்கும்? அவை கொட்டகையில் குவிந்தன. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்து பேர் அதில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சேற்றுக்குப் போக இடம் இருந்திருந்தால் அது அங்கே தேங்கியிருக்காது. பத்து வருடம் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அடங்கிய அமர்வு மறுபடியும் பாலாற்றுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, மாசுபடுத்தியவரிடம் வசூலி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடு என்று. இரண்டு தீர்ப்புக்கும் இடையில் ஏறக்குறைய முப்பது வருடம். அதற்குள் என் தாய்மாமன் நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அவர் கிணற்றுத் தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சளாக இருக்கும் என்று அத்தை சொல்வார்.

இதில் உங்களுக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். நீங்கள் ஆற்றில் எதையும் விடவில்லை, உண்மைதான். ஆனால் தோல் ஷாப்பிலிருந்து வெளியேறும் குரோமியம் இரண்டு வழியாக வெளியேறுகிறது. ஒன்று தண்ணீர் வழி. அதற்கு நீதிமன்றம் இருக்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது, குழு இருக்கிறது. இன்னொன்று தோலுக்குள்ளேயே தங்கி, ஷூவாகி, பையாகி, உங்கள் கடை வழியாக வீடுகளுக்குப் போகிறது. அது இரண்டு மூன்று வருடத்தில் குப்பையாகத் திரும்பும். அதற்கு யாரும் இல்லை. குப்பைமேட்டில் அது எரிகிறது. பதனிட்ட தோலில் இருக்கிற குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது, அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. காற்றில் எரியும்போது அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமாக மாறக்கூடும். அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. ஆற்றில் விடக் கூடாது என்று முப்பது வருடமாக வழக்காடுகிற அதே பொருளை நம் தெருவோரத்தில் நாமே கொளுத்துகிறோம்.

‘செய்தவன் எடுத்துக்கட்டும், நாங்க விக்கிறவங்கதானே’ என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. சட்டம் அப்படித்தான் போக வேண்டும், நானும் ஒப்புக்கொள்கிறேன். மின்னணுக் கழிவு, பேட்டரி, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றுக்கும் உற்பத்தியாளரே பொறுப்பு என்று நம் நாட்டில் விதி வந்துவிட்டது. காலணிக்கு இன்னும் வரவில்லை. பிரான்சில் துணிக்கும் காலணிக்கும் 2007லேயே சட்டம் போட்டு, விற்கிறவர்களிடம் கட்டணம் வாங்கிப் பழையதைச் சேகரிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜூலை முதல் பெரிய நிறுவனங்கள் விற்காத காலணியை அழிக்கக் கூடாது என்று விதி. ஆம்பூர் ஷூ அதிகம் போவது அந்த நாடுகளுக்குத்தான். ஆக, பிரான்சில் விற்ற ஆம்பூர் ஷூவின் முதுமைக்கு அங்கே ஒருவர் கணக்கு வைப்பார். லாங் பஜாரில் விற்ற ஆம்பூர் ஷூவுக்கு யாரும் வைக்க மாட்டார். இது நியாயமா?

ஆனால் சட்டம் வந்தாலும் நீங்கள் இல்லாமல் நடக்காது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சரக்கு போகும்போது ஓரிடத்திலிருந்து பல இடத்துக்குப் போகிறது. எத்தனை ஜோடி, எந்த சைஸ், என்றைக்கு என்று எல்லாம் பில்லில் இருக்கும். திரும்பி வரும்போது ஆயிரம் வீட்டிலிருந்து ஓரிடத்துக்கு வர வேண்டும். எது எப்போது வரும், என்ன நிலையில் வரும், ஒற்றைக் கால் வருமா இரண்டும் வருமா, ஒன்றும் தெரியாது. செலவும் தலைவலியும் அதிகம் இந்த முதல் கட்டத்தில்தான்: வீடுகளிலிருந்து திரட்டுவதிலும் தரம் பிரிப்பதிலும். ஆம்பூர்த் தொழிற்சாலைக்கு உங்கள் கடை வரைக்கும்தான் தெரியும். உங்கள் கடையைத் தாண்டி, சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் கொணவட்டத்திலும் யார் என்ன வாங்கினார் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த மனிதர் அடுத்த ஜோடி வாங்க வரும் நாளும் உங்கள் கடைக்குத்தான் வருவார். பழையதைக் கையில் எடுத்து வரச் சொல்ல அந்த ஒரு வாய்ப்பு உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

கொண்டுவந்து கொடுப்பார்களா என்று சந்தேகப்படாதீர்கள். நீலகிரியில் குடித்துவிட்டு எறிந்த பாட்டில் சில்லு யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தபின், 2022 மே மாதம் டாஸ்மாக் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. குடித்துவிட்டுப் போகிறவரே பத்து ரூபாய்க்காகத் திரும்பி வருகிறார் என்றால், குழந்தைக்குப் பள்ளி ஷூ வாங்க வரும் தாய் வர மாட்டாரா?

இடமில்லை என்பீர்கள். லாங் பஜாரில் ஒரு சைக்கிள் நிறுத்த இடமில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கிடங்கு கேட்கவில்லை, கடை வாசலில் ஒரு சாக்கு கேட்கிறேன். நாற்றம் வரும் என்பீர்கள். காய்ந்த ஷூவில் நாற்றம் இல்லை. ஈரமானதை வாங்க வேண்டாம். காசு யார் கொடுப்பது என்பீர்கள். இதுதான் நியாயமான கேள்வி. பழைய ஜோடிக்கு இருபது ரூபாய் கழிவு என்று போட்டால், அவர் அடுத்த ஜோடி உங்களிடம்தான் வாங்குவார். உங்கள் வியாபாரத்தை ஆன்லைன்காரர்கள் பறிக்கிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்களே, அவர்கள் பக்கம் ஜனங்கள் போனதற்கு விலை மட்டும் காரணமில்லை; பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள் என்ற தைரியமும் காரணம். ‘வாபஸ் பெறப்பட மாட்டாது’ என்று நீங்கள் மாட்டி வைத்திருக்கும் பலகை அவர்களுக்குத்தான் விளம்பரம் செய்கிறது.

சாக்கு நிறைந்தபின் என்ன செய்வது? மூன்றாகப் பிரிக்க வேண்டும். போட்டுக்கொள்ளக்கூடியதைத் தனியாக எடுத்துத் துடைத்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள். தைத்தால் சரியாகக்கூடியதை உங்கள் தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தொழிலாளியிடம் கொடுங்கள், இலவசமாக அல்ல, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி. எது தேறும், எது தேறாது என்று ஒரே பார்வையில் சொல்லத் தெரிந்தவர் அவர்தான். தரம் பிரிக்கும் வேலையை அவரிடமே ஒப்படையுங்கள். வெயிலில் ஒரு குடையின் கீழ் நாற்பது வருடம் உட்கார்ந்து நம் நடையைக் காப்பாற்றியவருக்கு நிழலும் நிலையான வருமானமும் கிடைக்கட்டும். மூன்றாவது வகை, எதற்கும் ஆகாதது. அதில் பிவிசி, டிபிஆர் அடிகளை அரைத்து மறுபடி வார்க்கலாம். காயலான் கடைக்காரர்களுக்கு அது தெரியும். குரோமியத் தோல் மட்டும் செய்தவரிடமே திரும்பிப் போக வேண்டும். எரிக்கக் கூடாது, ஆற்றோரம் கொட்டக் கூடாது.

அதற்கு வண்டி தேட வேண்டாம். ஆம்பூர் இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து வரும் வண்டிகள் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகின்றன. ரிட்டன் லோடு கிடைக்குமா என்று டிரைவர்கள் கேட்டுத் திரிவதை நீங்கள் பார்க்காதவர்களா? அடுத்த ஆர்டர் கொடுக்கும்போது ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்: ‘சரக்கு இறக்குற வண்டியிலேயே எங்க சாக்கையும் ஏத்திக்கணும்.’ ஒரு கடை சொன்னால் சிரிப்பார்கள். ஐம்பது கடை சேர்ந்து சொன்னால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். வெட்டுத் துண்டையும் சீவலையும் என்ன செய்கிறார்களோ, அந்த வழியிலேயே இதையும் சேர்க்கட்டும். வழி சரியில்லையென்றால், வாங்குகிறவர்களாக நீங்கள் கேள்வி கேட்கலாம். நீதிமன்றம் கேட்டபோது சங்கம் வைத்து வக்கீல் பிடித்தவர்கள்கூட, ஆர்டர் கொடுக்கிறவர் கேட்டால் பதில் சொல்வார்கள்.

என் கோரிக்கை பெரியதல்ல. நிரந்தரமாகச் செய்யச் சொல்லவில்லை. ஒரு மாதம் செய்து பாருங்கள். எந்த மாதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்கழி.

ஒவ்வொரு வருடமும் மார்கழிக் கடைசி நாள் விடியற்காலையில், போகி என்று வீட்டு வாசலில் பழையதைக் குவித்துக் கொளுத்துகிறோம். பாய், துடைப்பம், கிழிசல் துணி எரிந்த காலம் போய், டயரும் செருப்பும் ஷூவும் பையும் எரிகின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு போகிக்கும் எரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. எரிக்காதே என்று சொல்லத் தெரிந்த நமக்கு, எங்கே கொடுப்பது என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் புகையைக் கோட்டை வாசலிலும் நேதாஜி மார்க்கெட்டிலும் அன்று காலை நீங்களும்தான் சுவாசிக்கிறீர்கள். சிஎம்சி வாசலில் மூச்சுத் திணறலோடு வெளியூரிலிருந்து வந்து காத்திருப்பவர்களும் சுவாசிக்கிறார்கள்.

வருகிற மார்கழி ஒன்றாம் தேதி உங்கள் கடை வாசலில் ஒரு சாக்கு வையுங்கள். ‘பழைய செருப்பு, ஷூ, பை இங்கே வாங்கப்படும்’ என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். பழைய பலகையைக் கழற்றச் சொல்லவில்லை. அதற்குக் கீழே இதை மாட்டுங்கள். போகிக்கு முதல் நாள் மாலை, சாக்குகளை எல்லாரும் சேர்ந்து ஓரிடத்தில் எடை போடுங்கள். எத்தனை கிலோ என்று அந்த அட்டையிலேயே எழுதுங்கள். அன்று நானும் வருகிறேன், என் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் கிடப்பதைக் கட்டி எடுத்துக்கொண்டு. எடை போட ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் சாமான் வாங்கி வளர்ந்த வேலூர்க்காரன்